எழுதுவதும் விடுவதும்: மென்பொருளில் பதிவு நிலைகள்



இம்மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இன்றைய பொருள் புதிதாகத் தோன்றலாம். கணினி நிரல் ஒன்று இயங்கும்போது எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் பற்றியும், அதில் எதனை எழுதவேண்டும், எதனை விடவேண்டும் என்று நாம் அந்நிரலுக்குச் சொல்லிவைக்கும் முறையைப் பற்றியும் பேச வந்துள்ளோம். சிறிய செய்திதான். ஆயினும் அச்சிறு செய்தியில் நாங்கள் தவறியதால் இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் மூவர் ஒரு போட்டி மண்டபத்தின் வாயிலில் நிற்க நேர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நிரல் தன் செயல்களை நேரத்தோடு வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பினை ஆங்கிலத்தில் 'லாக்' என்பர். மரக்கட்டை என்பதே அச்சொல்லின் பழம்பொருள். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், முடிச்சிட்ட நீண்ட கயிற்றின் முனையில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். கப்பல் முன்னே செல்லச் செல்லக் கயிறு ஓடும். மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணுவார்கள். அதுவே கப்பலின் வேகம். அந்த எண்ணிக்கையைக் குறித்துவைத்த ஏடு கட்டையின் பெயரையே பெற்றது. பின்னர்க் காற்று, திசை, நோய், இறப்பு எல்லாம் அவ்வேட்டில் ஏறின. தமிழில் நாம் 'பதிவு' என்கிறோம். பொருத்தமான சொல்தான்.

ஆனால் மந்தினில் நின்றுகொண்டு கப்பலை எடுத்துக்காட்டாகக் கொள்வானேன்? நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலேயே இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்றவர்களின் பெயர்கள் செக்ரோலில் ஏறும். இன்னார் வந்தார், இன்னார் வரவில்லை, இன்னாருடைய பால் இத்தனை எடை. அந்த ஏட்டில் இல்லாதவருக்குச் சம்பள நாளில் கூலி இல்லை. தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும், பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட இந்நாளிலும், 'செக்ரோலில் பேர் விழுந்ததா?' என்று கேட்ட குரல்கள் இவ்வரங்கில் உள்ள மூத்தோர் சிலருக்கு நினைவிருக்கும்.

அந்தச் செக்ரோலுக்குள் எல்லாம் எழுதப்பட்டதா? இல்லை. நிரையில் நடந்துவரும் மண்டோர் எத்தனையோ பார்ப்பார். ஒரு மரத்தின் மங்கு கவிழ்ந்துகிடக்கும். ஒரு மரத்தின் பட்டையில் கத்தி ஆழமாக இறங்கியிருக்கும். ஒரு பெண் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்திருப்பார். இவற்றுள் பெரும்பாலானவற்றை மண்டோர் தம்மோடு வைத்துக்கொள்வார். சிலவற்றைக் கிராணியிடம் சொல்வார். கிராணி அவற்றுள் சிலவற்றை மட்டுமே துரையின் மேசைக்குக் கொண்டுபோவார். எல்லாமே துரைக்குப் போயிருந்தால் அவருக்குப் படிப்பதற்கே பொழுது போதாது. எதுவுமே போகாதிருந்தால், பால் குறைந்த மாதத்தில் ஏன் குறைந்தது என்று அவருக்குத் தெரிந்திராது. இவ்வாறு செய்தியின் கடுமைக்கு ஏற்ப அதனை எங்கே நிறுத்துவது என்று வகுத்த படிகளையே கணினித்துறையினர் பதிவு நிலைகள் என்கின்றனர்.

கணினியில் இப்படிகளைப் பரவலாக்கியவர் எரிக் ஆல்மன். 1980களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் நிரலை உருவாக்கிய அவர், அதன் துணையாகச் சிஸ்லாக் என்னும் பதிவுக் கருவியையும் எழுதினார். அதில் எட்டு நிலைகள் உண்டு. சுழியம் என்பது கணினியே பயன்படாத பேரிடர். ஏழு என்பது நிரலாளர் மட்டுமே படிக்கத்தக்க நுண்விவரம். 2009இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5424 என்னும் இணைய நெறிமுறை ஆவணத்திலும் இவ்வெட்டு நிலைகளே இடம்பெற்றன. நம் மாணவர்கள் பயிலும் பைத்தான் மொழியிலோ 2003இல் வெளிவந்த 2.3ஆம் பதிப்பு முதல் ஒரு பதிவுத் தொகுதி உடன்வருகிறது. அதனை எழுதியவர் வினய் சாஜிப். அதில் ஐந்து நிலைகள்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிகல் 50. கவனித்தீர்களா? சிஸ்லாக்கில் எண் ஏற ஏறக் கடுமை குறைகிறது. பைத்தானில் எண் ஏற ஏறக் கடுமை கூடுகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் கற்கும் மாணவன் குழம்பினால் அவனைக் கடிந்துகொள்ளவேண்டாம்.

இனி அமைத்தலுக்கு வருவோம். நிரலாளர் ஒவ்வொரு வரியையும் எழுதும்போதே அதற்கொரு நிலையை ஒட்டுகிறார்: இது தகவல், இது பிழை என்று. நிரலை இயக்குபவர் அமைப்புக் கோப்பில் ஒரு வாசற்படியின் உயரத்தைக் குறிக்கிறார். அப்படியை எட்டாத வரிகள் கோப்பில் விழா. வாசற்படி 30இல் இருந்தால் 10உம் 20உம் வெளியே நிற்கும். 30, 40, 50 உள்ளே வரும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பைத்தான் தானே 30ஐக் கொள்ளும். 'தகவல் வரிகளை எழுதினேன், ஒன்றுமே வரவில்லையே' என்று முதன்முறை பயில்பவர் திகைப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே ஒரு வரி பதிவில் விழுவதும் விழாததும் இரண்டு முடிவுகளைப் பொறுத்தது. முடிவெடுப்போரும் இருவர். ஒருவர் நிரலை எழுதுபவர். செய்தி எவ்வளவு கடுமையானது என்று அவர் முன்கூட்டியே கணிக்கிறார். மற்றவர் நிரலை நடத்துபவர். எவ்வளவு கேட்கத் தமக்குப் பொழுதும் இடமும் உண்டு என்று அவர் பின்னர் முடிவு செய்கிறார். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. எங்கள் நிகழ்வில் இருவரும் நாங்களே, அப்போதும் பேசிக்கொள்ளவில்லை.

நாங்கள் சிலர் சேர்ந்து, வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்கு இணையவழிப் பெயர்ப்பதிவு நிரல் ஒன்றை எழுதினோம். முதலாண்டில், நிரலைச் சோதித்தபோது வைத்த டீபக் நிலையை உயர்த்த மறந்து அப்படியே திறந்துவிட்டோம். எங்கள் நிரல் மட்டும் பேசியிருந்தால் தாங்கியிருக்கும். அதன் அடியில் இருந்த தரவுத்தளக் கருவியும், வலைத்தளக் கருவியும் சேர்ந்து வாய்திறந்தன. வினாடிக்கு 100 வரிகள், வரிக்கு 200 பைட் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரே நாளில் 1.7 கிகாபைட். வாடகைக்கு எடுத்த சிறிய வழங்கியில் மூன்றாம் நாள் வட்டு நிரம்பியது. வட்டு நிரம்பியதும் பெயர்களைச் சேமிக்கவும் இடமில்லை. நோயைக் குறிக்க வந்த ஏடே நோயாயிற்று.

அன்று இரவு பதிவுக் கோப்பைத் திறந்தபோதுதான் அதனினும் பெரிய தவறு தெரிந்தது. பெற்றோர் நிரப்பிய படிவம் முழுவதும், பிள்ளையின் மைகிட் எண்ணும் தாயின் கைப்பேசி எண்ணும் உட்பட, வரிவரியாக அதில் கிடந்தது. 12 இலக்கங்கள் கொண்ட அந்த எண் வெறும் எண்ணன்று. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். நெகிரி செம்பிலானுக்கு 05. இறுதி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். அத்தகைய கோப்பினை, வட்டு ஏன் நிரம்பியது என்று கேட்டு எங்களுள் ஒருவர் வாட்ஸ்அப்பில் நண்பர் இருவருக்கு அனுப்பியும் இருந்தார். இருவரிடமும் கேட்டு அழிக்கச் செய்தோம். அழித்ததாகச் சொன்னார்கள். நம்புகிறோம்.

பெரியவர்களும் இவ்விடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களை மறைகுறியாக்கும் முன்பே அவை உள்பதிவு ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுவந்ததே காரணம். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளுக்கு உரியது. பள்ளிப் போட்டிக்கு அது பொருந்துமா என்பதை வழக்கறிஞர்கள் ஆராயட்டும். ஒரு தாய் நம்பித் தந்த எண்ணைக் காப்பதற்குச் சட்டம் வரவேண்டும் என்று நாங்கள் காத்திருக்க இயலாது.

சூடு கண்ட நாங்கள் அடுத்த ஆண்டு மறுகோடிக்கு ஓடினோம். வாசற்படியை 40க்கு உயர்த்தினோம். பிழை மட்டும் எழுது, மற்றதெல்லாம் வேண்டாம் என்றோம். பதிவுக் கோப்பு காலியாகவே இருந்தது. காலியான கோப்பைக் கண்டு மகிழ்ந்தோம். போட்டி நாளன்று காலையில் மூன்று பிள்ளைகள் பெற்றோருடன் வந்தனர். பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. 'பதிவு செய்தோம், நன்றி என்று திரையில் வந்தது' என்றனர் பெற்றோர். ஒரு தாய் திரையைப் படமெடுத்தும் வைத்திருந்தார். எங்களிடமோ அவர் சொன்னதை உறுதிசெய்யவோ மறுக்கவோ ஒருவரிகூட இல்லை. நடுவர்கள் இரக்கம் கொண்டு மூவரையும் இறுதியில் ஒப்புவிக்கச் செய்தார்கள். அதுவரை அப்பிள்ளைகள் வாயிலருகே நாற்காலியில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி, உதடு மட்டும் அசையக் குறள்களைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என்ன நடந்தது என்று கண்டறிய நான்கு நாள்கள் ஆயின. ஆசிரியர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தோடு தொடர்புடையது. 'மந்தின்' என்று எழுதுங்கள். நம் கணக்கில் ம, ந், தி, ன் என நான்கு எழுத்துகள். யூனிகோடு கணக்கில் மெய்யின் புள்ளியும் இகரத்தின் கொக்கியும் தனித்தனிக் குறிகள்; ஆகவே ஏழு. அவற்றை யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 21. நாங்கள் பெயருக்கு 100 என்று எல்லை வைத்திருந்தோம். நூறு எழுத்து என்று எண்ணிக்கொண்டோம். நிரலோ நூறு பைட் என்று அளந்தது. அதாவது 33 குறிகள். பெரும்பாலோரின் பெயர் அதற்குள் அடங்கியது. பிள்ளையின் பெயரும், 'த/பெ' என்பதும், தந்தையின் நீண்ட பெயரும் சேர்ந்தபோது மூவருக்கு மட்டும் எல்லை தாண்டிற்று. நிரல் அம்மூவரையும் விட்டுவிட்டு, 'பெயர் நீளம் மிகுதி, சேமிக்கவில்லை' என்று வார்னிங் நிலையில், அதாவது 30இல், சொல்லியிருக்கிறது. வாசற்படி 40இல் இருந்தது.

இதில் குற்றம் யாருடையது? வாசற்படியை உயர்த்தியவர்மீது மட்டும் பழிபோடுவது எளிது. நாங்கள் அவ்வாறு கருதவில்லை. ஒரு பிள்ளையின் விண்ணப்பம் சேமிக்கப்படாமல் போவது வார்னிங் அன்று, அது எரர். அவ்வரியை எழுதிய கை, 'நிரல் நின்றுவிடவில்லையே, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று நிரலின் நிலையிலிருந்து கணித்தது. பிள்ளையின் நிலையிலிருந்து கணித்திருந்தால் 40 என்று ஒட்டியிருக்கும். நாங்கள் இன்று மாணவர்களிடம் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: இச்செய்தியை யாரும் படிக்காமல் போனால் யாருக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றால் டீபக். பின்னொரு நாள் கணக்குப் பார்க்க உதவும் என்றால் இன்ஃபோ. இன்று வேலை நடந்துவிட்டது, ஆனால் போக்கு சரியில்லை என்றால் வார்னிங். ஒருவர் கேட்டது அவருக்குக் கிடைக்கவில்லை என்றால் எரர். எவருக்குமே ஒன்றும் கிடைக்காது என்றால் கிரிட்டிகல்.

நடத்துபவருக்கும் ஒரு சொல். தோட்டம் முழுமைக்கும் ஒரே கட்டளை இடவேண்டியதில்லை. தோட்டத்துக்குள் பிரிவுகள், பிரிவுக்குள் வெட்டுக்காடுகள் என்று இருந்தது போலவே, நிரலின் பகுதிகளும் பெயரில் புள்ளியிட்டுக் கிளைகிளையாக நிற்கின்றன: 'போட்டி', 'போட்டி.பெயர்ப்பதிவு', 'போட்டி.பெயர்ப்பதிவு.சேமிப்பு' என்பது போல. தனக்கென்று நிலை குறிக்கப்படாத கிளை தன் தாய்க்கிளையின் நிலையை ஏற்கும். அதற்கும் இல்லையெனில் வேர்வரை போகும். பால் குறைந்தது ஒரு பிரிவில் என்றால் துரை அந்தப் பிரிவுக்கு மட்டும் போய் மரம் மரமாகப் பார்ப்பார். நாமும் வேரை 30இலும், நம் சொந்த நிரலை 20இலும் வைத்துவிட்டு, ஐயம் எழுந்த ஒரு கிளையை மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு 10க்கு இறக்கலாம். முதலாண்டில் நாங்கள் இறக்கியது வேரை. வட்டு நிரம்பியதன் கதை அதுதான்.

இந்நிலைகளை நிரலுக்குள்ளேயே எழுதிப் புதைக்காமல், தனி அமைப்புக் கோப்பில் வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். நள்ளிரவில் நிலையை மாற்றவேண்டி வரும்போது நிரலைத் திருத்தத் தொடங்கினால் புதிய பிழைகள் பிறக்கும். கோப்பு ஓரளவு வளர்ந்ததும் பழையதை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் சுழற்சி முறையும் பைத்தானிலேயே உண்டு. இரண்டு வரி வேலை. மைகிட் எண் போன்றவற்றை எந்த நிலையிலும் எழுதலாகாது. 'டீபக் நிலையில்தானே, அதை யார் திறக்கப்போகிறார்கள்' என்பது நாங்கள் சொல்லி ஏமாந்த சாக்கு.

மொழி மன்றத்தில் நின்று கலைச்சொல் பேசாமல் இறங்கினால் பெரியோர் விடமாட்டார்கள். டீபக் என்பதற்கு வகுப்பில் 'துருவல்' என்று சொல்லிப் பார்த்தோம். தேங்காய்த் துருவலா என்று பிள்ளைகள் சிரித்தனர், ஆனால் மறக்கவில்லை. துருவித் துருவிப் பார்ப்பது என்னும் பொருள் அச்சொல்லில் நேராக இருப்பதால் அதனையே வைத்துக்கொண்டோம். இன்ஃபோவுக்குத் தகவல் போதும். வார்னிங் என்பதை அகராதிகள் எச்சரிக்கை என்கின்றன. நம் வழக்கில் எச்சரிக்கை என்பது ஒருவர் மற்றவரை மிரட்டும் தொனியைப் பெற்றுவிட்டது. தலைமையாசிரியர் 'இறுதி எச்சரிக்கை' விடுப்பார். இங்கு வேண்டியது, வளைவில் 'ஆவாஸ்' என்று நிற்கும் சாலைப் பலகையின் தொனி. ஆகவே 'கவனம்' என்கிறோம். எரர் பிழைதான். சிவப்பு மையில் கண்ட சொல்லாதலால் பிள்ளைகள் அதைக் கண்டு அஞ்சுகின்றனர். தம் நிரல் பிழை என்று எழுதாதபடி நிலையைக் குறைத்து ஒட்டும் மாணவரையும் கண்டோம். அது ஆசிரியர் கவனிக்கவேண்டிய செய்தி. கிரிட்டிகல் என்பதை நாளிதழ்கள் மருத்துவமனைச் செய்தியில் 'கவலைக்கிடம்' என்று எழுதும். நிரலுக்குக் கவலை ஏது? 'நெருக்கடி' என்று வைத்தோம். இவற்றினும் சிறந்தவை அவையில் பிறந்தால் ஏற்றுக்கொள்வோம்.

ஆனால் அமைப்புக் கோப்பில் நிலையின் பெயரை நிரல்மொழி தந்த வடிவிலேயே விட்டுவிடுக என்பது எங்கள் கருத்து. பதிவுகளைத் தேடித் திரட்டும் கருவிகள் அச்சொற்களையே தேடுகின்றன. செய்தியின் உடலைத் தமிழில் எழுதலாம். படிப்பவர் தமிழாசிரியர் என்றால் அவ்வாறே எழுதவேண்டும். பைட் கூடும் என்று அஞ்சவேண்டா. வட்டை நிரப்புவது தமிழன்று, வேரில் வைத்த டீபக்.

சென்ற போட்டிக்கு முந்தைய இரவு பதிவைத் திறந்தோம். பிழை ஒன்றும் இல்லை. கவன நிலையில் ஏழு வரிகள் இருந்தன. பெயர்கள் இல்லை, விண்ணப்ப எண்கள் மட்டும். ஆறு வரிகள், படம் பெரிதாக இருந்ததால் சுருக்கிச் சேமித்ததைச் சொன்னவை. ஏழாவது, ஒரே பிள்ளைக்கு இரண்டு பள்ளிகளிலிருந்து விண்ணப்பம் வந்திருப்பதைச் சொன்னது. இரண்டு பள்ளிகளுக்கும் தொலைபேசியில் பேசினோம். அப்பிள்ளையின் குடும்பம் அண்மையில் வீடு மாறியிருந்தது. பழைய பள்ளிக்கு அது தெரியாது. பழைய விண்ணப்பத்தை நீக்கினோம். மறுநாள் காலை அவள் புதிய பள்ளியின் சீருடையில் வந்து, பட்டியலில் பதினான்காவதாகத் தன் பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.